கோடு தாண்டிய குமிழ்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்குச் "சத்தம்" என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. எலிகளுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது அவன் வேலை. எலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்து, வெதுவெதுப்பான மெத்தையில் கிடத்தி, உச்சந்தலையிலும் காதுகளுக்குப் பின்னாலும் முடி போன்ற ஊசிகளைத் தோலுக்கடியில் செருகி, பஞ்சு பதித்த பெட்டிக்குள் வைத்து மூடி, டிக் டிக்கென்று ஒலி கொடுப்பான். காது கேட்டால், உடம்பு தூங்கினாலும் மூளை ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல் கணினித் திரையில் அலையாக எழும்பும். ஒலியைக் குறைக்கக் குறைக்க அலை சப்பிக்கொண்டே போய் ஓரிடத்தில் வெறும் கோடாகிவிடும். அதற்குக் கீழே அந்த எலிக்கு உலகம் ஊமை.

காதோரம் ஊசி குத்துவதால் கூடத்தில் இந்த வேலையைக் "காது குத்து" என்றார்கள்.

"இன்னைக்கு யாருக்குண்ணே காது குத்து?" என்று கூண்டு கழுவுகிற எலியப்பன் தினமும் கேட்பான். அவனுக்கும் அது பட்டப்பெயர்தான்.

"உனக்குத்தான் பாக்கி. வந்து படு."

"எனக்கு ஏற்கெனவே குத்திட்டாங்க. நிரந்தர வேலைன்னு சொல்லித்தானே சேத்தாங்க?"

காலையில் முதல் காரியம், ஒலியைச் சரிபார்ப்பது. முறைப்படி அதற்கொரு மீட்டர் உண்டு. அது பழுதாகிக் கம்பெனிக்குப் போய், போன இடத்திலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதனால் சத்தம் பெட்டிக்குள் தலையை விட்டு, ஒலிபெருக்கியின் வாயருகே தன் இடது காதை வைத்துக் கேட்பான். சரியாக இருந்தால் கதவை மூடிவிட்டு வேலையைத் தொடங்குவான். கொஞ்சம் சோர்வாகப் பட்டால் ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கொஞ்சம் திருகுவான். குமிழின் பக்கத்தில் யாரோ எப்போதோ நகப்பூச்சால் இட்ட சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. அதுதான் சரியான இடம் என்பார்கள். ஆனால் பழைய கருவி, குமிழ் தேய்ந்து வழுக்கும், கோட்டைவிட அவன் காதையே நம்பலாம் என்பதும் அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஒரு கம்பி தளர்ந்திருந்தால்கூட அவன் காது கண்டுபிடித்துவிடும்.

அந்தக் கூடத்தில் எலிகளுக்கு ஒரு வியாதியை வரவழைத்தார்கள். வேறொரு விலங்கின் உட்காதிலிருந்து எடுத்த புரதத்தை எலிக்கு ஊசியில் ஏற்றுவார்கள். எலியின் உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் படை திரட்டும். வந்த எதிரியை அடித்து முடித்த பிறகும் படை வீடு திரும்பாது. சொந்தக் காதுக்குள் அதே முகச்சாடையைக் கண்டு அங்கேயும் புகுந்து சூறையாடும். சில வாரங்களில் எலி செவிடாகும். அப்படிச் செவிடான எலிக்குப் புது மருந்தொன்றைக் கொடுத்துப் பார்ப்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. அவர் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை, படிப்பால் டாக்டர். மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு, நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மருந்து வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. அதனால் மருந்து கொடுக்காத கூட்டத்தை முதலில் அளந்து முடித்தார்கள். அவை எல்லாம் செவிடு. பிறகு மருந்து வந்தது. அடுத்த கூட்டத்துக்கு வியாதியை வரவழைத்து, அளந்து, மருந்தைக் கொடுத்து, வாராவாரம் மறுபடி அளந்தார்கள்.

இந்த வாரங்களில்தான் சத்தத்துக்குக் காது போக ஆரம்பித்தது.

முதலில் வலது காது. உள்ளே யாரோ பிரஷர் குக்கரை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ஓயாத இரைச்சல். பிறகு இடதும் மெல்ல இறங்கியது. பேச்சு காதில் விழும், வார்த்தை விழாது. துணி காயப்போடக் கயிறு வாங்கி வரச் சொன்னாள் மனைவி. அவன் போய்த் தயிர் வாங்கி வந்தான்.

"ஏன் மாமா, இதுல எப்படித் துணி காயப்போடறது?" என்று கேட்டான் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மச்சான், மனைவியின் தம்பி. ஏ.சி. மெக்கானிக். வாய் சும்மா இருக்காது. "செவிடன் காதுல சங்கு ஊதுறதும் உங்ககிட்ட சாமான் சொல்லி விடுறதும் ஒண்ணு."

"காதுல அழுக்குடா."

"என்னது? அழகா? அது எங்க இருக்கு?"

மனைவி சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் வரிசையாகச் சோதனைகள் எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கி, மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னார்: "இது ரொம்ப அபூர்வமான வியாதி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உடம்பே தன்னோட காதைத் தாக்குது."

"தெரியும் டாக்டர்," என்றான் சத்தம். "எலிக்கு நாங்கதான் வரவழைக்கிறோம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். எலியிடமிருந்து இது ஒட்டுமா என்று மனைவி கேட்டாள். ஒட்டாது, வெறும் தற்செயல் என்றார் டாக்டர். பேருந்து ஓட்டுகிறவன் பேருந்தில் அடிபடுவதில்லையா, அப்படி.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காது திரும்பலாம். திரும்பினால் இதே வியாதிதான் என்று உறுதியாகும். ஆனால் இந்த மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்க முடியாது. எலும்பைத் தின்னும், சர்க்கரையைக் கூட்டும். படிப்படியாகக் குறைத்துத்தான் ஆக வேண்டும். குறைக்கும்போது காது மறுபடி இறங்கலாம். இறங்கினால் அநேகமாக அதுதான் கடைசி.

"வேற மருந்து?"

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

அது அவனுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். எந்த அறையில், எந்தக் குளிர்பெட்டியின் எந்தத் தட்டில் அந்த மருந்து இருக்கிறது என்பதுவரை தெரியும். அது வேலை செய்கிறது என்பதும் தெரியும். அவன்தானே அளக்கிறான். செத்த கோடாகக் கிடந்த இடத்தில் வாரத்துக்கு வாரம் அலை எழும்பி வருவதைத் திரையில் பார்த்தது அவன் கண். முதல் எலியில் பார்த்தபோது யந்திரக் கோளாறு என்று நினைத்தான். இரண்டாவதில் ஊசிகளைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தான். அதற்கடுத்த எலிகளில், அறையில் யாருமில்லாததால், வாய்விட்டே சொன்னான்: "வாடி என் தங்கமே, வா."

கூடத்தில் எவருக்கும் அவன் தன் வியாதியைச் சொல்லவில்லை. சத்தம் என்று பேர் வாங்கியவன் செவிடு என்று எந்த வாயால் சொல்வது? டாக்டரம்மாவிடம் மட்டும் ஒருநாள் பட்டும் படாமலும் கேட்டான்.

"இது மனுஷங்களுக்கு எப்ப மேடம் வரும்?"

"எலி முடிவு உறுதியா நின்னுச்சுன்னா, ஆஸ்பத்திரிக்காரங்க தயாரா இருக்காங்க. வியாதி உள்ளவங்களைத் தேடிப் பிடிக்கறதுதான் கஷ்டம். அபூர்வமாச்சே."

தேடவே வேண்டாம், இங்கேயே ஒருத்தன் நிற்கிறான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். முடிவு வரட்டும். முதல் ஆளாகப் போய் நிற்கலாம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "கவலைப்படாத. மருந்து நம்ம கையிலேயே இருக்கு," என்றான். அவள் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மாத்திரை முதலில் பசியைக் கொடுத்தது. பிறகு எரிச்சலைக் கொடுத்தது. முகம் ஊதியது. காதில் ஒன்றும் காணோம். கைவிட்டுவிடலாம் என்று இருந்தபோது, ஒரு காலையில் ஃப்ரிட்ஜ் முனகுவது கேட்டது.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர்க்குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். சமையலறையில் மச்சான் தாழ்ந்த குரலில், "அக்கா, மாமா இன்னும் எந்திரிக்கலையா? முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு, பாத்தியா?" என்றான்.

"பூசணிக்காய் எந்திரிச்சிடுச்சுடா," என்று படுக்கையிலிருந்தே சொன்னான் சத்தம்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அந்தச் சத்தமும் முழுசாகக் கேட்டது. மனைவி ஓடி வந்து வாசற்படியில் நின்றாள். "போச்சு. இனிமே இந்த வீட்டுல ரகசியமா திட்டக்கூட முடியாது," என்றான் பின்னால் வந்த மச்சான். அவன் கண் கலங்கியிருந்தது.

அன்று கூடத்துக்கு நடந்தே போனான். காலடியில் சரளைக்கல் நொறுங்குவதைக் கேட்பதற்காகவே சாலையோரமாக நடந்தான். விசில் அடித்தபடி வந்தவனை எலியப்பன் வினோதமாகப் பார்த்தான். பெட்டியைத் திறந்து, கருவியைப் போட்டு, வழக்கம்போலத் தலையை உள்ளே விட்டு, இடது காதை ஒலிபெருக்கியின் வாயில் வைத்தான்.

பளார் என்று அறைந்தது போலிருந்தது.

தலையை இழுத்த வேகத்தில் கதவின் விளிம்பில் இடித்துக்கொண்டான். காதைப் பொத்திக்கொண்டு நின்றான். ஏதோ கோளாறு, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று குமிழைப் பார்த்தான். நேற்று அவன் விட்ட இடத்தில்தான் இருந்தது. சிவப்புக் கோட்டிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. ஒரே நாளில் போன தூரமில்லை. இன்று கொஞ்சம், நாலு நாள் கழித்துக் கொஞ்சம் என்று அவன் விரலே நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோன தூரம். ஒவ்வொரு தடவையும் குமிழ் வழுக்குகிறது, கருவி கிழடாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே திருகியிருக்கிறான்; தன் காதைச் சந்தேகிக்க ஒருநாளும் தோன்றவில்லை. கருவிக்கு ஒன்றுமில்லை. கிழடானது எது என்று இப்போது தெரிந்தது.

குமிழைக் கோட்டுக்குத் திருப்பிவிட்டு மறுபடி காதை வைத்தான். அழகான, அளவான டிக் டிக். எத்தனையோ வருஷமாக அவன் கேட்டுப் பழகிய அதே ஒலி.

அதன் பிறகு அவன் உடனே எதுவும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான். மருந்தில்லாத கூட்டத்தை அளந்தபோது அவன் காது நன்றாக இருந்தது. குமிழும் கோட்டில் இருந்தது. மருந்துக் கூட்டத்தை அளக்க அளக்க அவன் காது இறங்கியது, குமிழ் ஏறியது. கணினிக்குக் குமிழைப் பற்றி எதுவும் தெரியாது. மெல்லிய ஒலி கொடுத்ததாக அது நினைத்துக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் ஒலிபெருக்கி எலியின் காதருகே கத்தியிருக்கிறது. அவ்வளவு கத்தினால் அரைச்செவிட்டுக்கும் கேட்கும்தான்.

இருந்தாலும் மனசு விடவில்லை. எல்லாமே குமிழாக இருக்காது, பாதியாவது மருந்தாக இருக்கும் என்றது. எலிகளில் மிக நன்றாகத் தேறியதாகப் பேர் வாங்கியது ஒன்று. வால் நுனி கறுத்த எலி. அதைக் கொண்டுவந்து தூங்க வைத்து ஊசிகளைச் செருகினான். குமிழ் கோட்டில். ஒலியை ஏற்றினான். கோடு. இன்னும் ஏற்றினான். கோடு. ஏறக்குறைய உச்சத்தில் போய்த்தான் ஒரு நோஞ்சான் அலை தலையைக் காட்டியது. மருந்துக்கு முன்னால் எங்கே காட்டியதோ அங்கேயே. குமிழை நேற்றைய இடத்துக்குத் திருகினான். திரையில் அலை அழகாக எழும்பியது. கோட்டுக்குக் கொண்டுவந்தான். படுத்துவிட்டது. திருகினான், எழுந்தது. விட்டான், படுத்தது. எலி மூச்சு விட்டுக்கொண்டு தூங்கியது. எத்தனை தடவை அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை மருந்துக் கூட்டத்தை முழுக்கக் கொன்று, காது எலும்பை எடுத்து, சீவல் சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதாக ஏற்பாடு. எலிகள் போய்விட்டால் மறுபடி அளக்க எதுவும் இருக்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிவு நிற்கும். நின்றால் மருந்து மனிதர்களுக்கு வரும். அவனுக்கும் வரும். வந்து என்ன செய்யும்? குளத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகு முதல் ஆளாக எதற்குக் குதிக்க வேண்டும்? அவனுக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாது; அவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு, இதை நம்பி.

டாக்டரம்மா நின்றபடி கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க சத்தம்," என்றார் திரும்பாமலே.

"மேடம், மருந்து வேலை செய்யல."

விரல்கள் நின்றன. "எந்த எலிக்கு?"

"எதுக்குமே. நான் குமிழைக் கோட்டுக்கு மேல ஏத்திட்டேன். கொஞ்சம் கொஞ்சமா. எனக்குத் தெரியாமலே."

"என்ன காது குத்துறீங்களா? உங்களுக்குத் தெரியாம எப்படி ஏறும்? தினம் காது வெச்சுத்தானே பாக்கறீங்க?"

"காதுதான் மேடம் போயிருச்சு."

அவர் திரும்பினார். முகத்தில் முதலில் புரியாமை, பிறகு புரிந்துகொண்டதன் கோபம். குரல் ஏறியது. மாதக்கணக்கில் செய்த வேலை என்றார். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் என்ன சொல்வது என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு கூடத்திலிருந்து மீட்டரைக் கடன் வாங்கியிருப்பேனே, அதுக்குமா வெட்கம் என்றார். சத்தம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொல் தப்பவில்லை.

மூச்சு வாங்கி நிறுத்தியவர், திடீரென்று, "சரி, காதுக்கு என்னவாம்?" என்றார்.

அவன் வியாதியின் பெயரைச் சொன்னான்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல வருஷமாக அந்த வியாதியைப் பற்றிப் படித்து, எழுதி, மேடையில் பேசியவர். அது வந்த மனிதன் ஒருவனை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எந்தக் காது முதல்ல?"

"வலது."

"இரைச்சல்?"

"இருந்துச்சு. இப்ப குறைவு."

"தலை சுத்தல் உண்டா? நடக்கும்போது தள்ளுதா?"

"எப்பவாவது."

"ஸ்டீராய்டு எத்தனாவது வாரம் பிடிச்சுது?" அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "நடுநடுவுல வியாதியில்லாத நல்ல எலி ஒண்ணை வெச்சு அளந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்," என்றார். "அதைச் செய்யச் சொல்லாதது என் தப்பு. நாளைக்கு யாரையும் கொல்ல வேண்டாம்னு எலியப்பன்கிட்ட சொல்லுங்க. மீட்டருக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"நான் அளக்கலாமா மேடம்?"

"பின்ன யாரு, நானா? மயக்க ஊசி போட எனக்குக் கை நடுங்கும்."

மீட்டர் வந்தது. அது சிவப்புக் கோட்டைத்தான் சரி என்றது. இருவரும் சேர்ந்து எல்லா எலிகளையும் மறுபடி அளந்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், அவன் ஒலியை ஏற்றினான். எலிக்கு எலி, கோடுதான். ஏதாவது ஒன்றில் லேசாக அசைந்தாலும் இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது எலி மூச்சு விட்ட அசைவு. கடைசி எலியைக் கூண்டில் விட்டபோது, "ஒண்ணுமில்ல," என்றார் டாக்டரம்மா. "ஆஸ்பத்திரிக்கு நான் பேசிடறேன்." ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லாததற்காக அவனுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அதற்குப் பிறகுதான் எலிகளைக் கொன்றார்கள். காதுகள் எப்படி நாசமாயின என்று பார்க்க அவை தேவைப்பட்டன. அன்று எலியப்பன் காது குத்து பற்றி எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி கடைசிவரை கேட்டாள்.

"அப்ப மருந்து கையில இருக்குன்னீங்களே?"

"நான் அளந்தது தப்பு."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா?"

"அப்பவும் வேலை செய்யாது. கூட நாலு பேர் ஏமாந்திருப்பாங்க."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெகுநேரம் தைத்துக்கொண்டிருந்தாள். "மாத்திரையை எப்ப குறைக்கறாங்க?"

"அடுத்த வாரத்துலேர்ந்து."

"அதுக்குள்ள என்ன செய்யணுமோ அதைச் செய்வோம்," என்றாள்.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. காது இருக்கும்போதே உதட்டைப் படித்துப் பழகிவிட வேண்டும் என்று காது டாக்டரும் சொல்லியிருந்தார். கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடிகிற நாளில் கற்பது சுலபமாம். மறுநாள் சாயங்காலம் மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சத்தம் தன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்குமேல் கூடத்திலிருந்து கொண்டுவந்த காதுமூடியையும் மாட்டிக்கொண்டான். மச்சான் எதிரில் உட்கார்ந்து குரலில்லாமல் வாயை அசைத்தான்.

"பாப்பா," என்றான் சத்தம்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூடியைக் கழற்றச் சொல்லி, "மாமான்னேன், மாமா! நாப்பத்தஞ்சு வயசுல பாப்பாவாம், நெனப்பைப் பாரு!" என்றான். பவும் மவும் உதட்டில் ஒன்றுதான். பாலும் மாலும், பணமும் மனமும் கண்ணுக்கு ஒரே மாதிரி. உதடு பாதியைத்தான் சொல்லும். மீதியைப் பேச்சின் போக்கிலிருந்து ஊகிக்க வேண்டும். போகப் போகப் பத்துக்கு நாலு பிடிபட்டது. மச்சான் வேண்டுமென்றே கெட்ட வார்த்தைகளாகச் சொன்னான். அவை மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நகருடா," என்று அவனைத் தள்ளிவிட்டு மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. காதுமூடியைச் சரியாக அழுத்திவிட்டாள். பிறகு குரலில்லாமல், மெதுவாக, மூன்று சொல்லோ நாலு சொல்லோ சொன்னாள். நடுவில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. பவா, மவா?

"இன்னொரு தடவை," என்றான்.

அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை அவன் உதட்டை மட்டும் பார்க்கவில்லை. உங்களுக்குப் பயமா இருக்கா என்று கேட்கிறாள்.

"இருக்கு," என்றான். "அடுத்தது சொல்லு."